முதல் வெப்சைட் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் டிசைன் தப்புகள்: தொடக்கம் முதல் வெளியீடு வரை ஒரு வழிகாட்டி

முதல் வெப்சைட்டை முடித்துவிட்டு, அதை லேப்டாப்பில் பெரிதாகத் திறந்துவைத்து, பத்து முறை ரீஃப்ரெஷ் செய்து ரசிக்காதவர் யாரும் இருக்க முடியாது. நானும் ரசித்தேன். புகைப்படம் எடுக்கும் ஒரு நண்பனுக்காகச் செய்த தளம் அது. முகப்பில் திரை முழுக்க ஒரு படம், அதன் மேல் மெல்லிசான வெள்ளை எழுத்து, உச்சியில் மிதக்கும் மெனு. இணைப்பை அனுப்பிய பத்தாவது நிமிடம் போன் செய்து, "வெறும் வெள்ளையாத்தான்டா இருக்கு, ஏதாவது வருமா?" என்று கேட்டான். அவன் நின்றிருந்த இடத்தில் சிக்னல் ஒரு கோடுதான், என் முகப்புப் படமோ 6 எம்பி. ஒருவழியாகப் படம் வந்துசேர்ந்ததும் அடுத்த கேள்வி: "பேரு போட்டிருக்கேன்னு சொன்னியே, எங்க?" வெளிறிய வானத்தின் மேல் வெள்ளை எழுத்து, அதை அவன் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கிருந்து தெரியும்?

புதிதாக டிசைன் செய்கிறவர்களின் தப்புகளில் முக்கால்வாசி ரசனை இல்லாததால் வருவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நம் பெரிய திரை, நம் வேகமான இணைப்பு, எது எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த நம் தலை, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நம் தளத்தைப் பார்க்கிறோம். வருகிறவரிடம் மூன்றும் கிடையாது. கீழே உள்ளதை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். பாதித் தளம் முடித்துவிட்டு இங்கே வந்திருப்பவர்கள் நேராக நான்காவது படிக்கும் ஆறாவது படிக்கும் போகலாம், அதிகம் அடிபடுவது அங்கேதான்.

படி 1: தீம் தேடும் முன், எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள்

எல்லோரும் தொடங்குவது தீம் கடையில், அதாவது தயாராகச் செய்துவைத்த டிசைன்கள் கிடைக்கும் இடத்தில். டெமோ பார்க்க அட்டகாசமாக இருக்கும். மூன்று சம பெட்டிகள், சிரிக்கும் முகங்கள், 0-விலிருந்து 500 வரை தானாக ஓடும் எண். அதை நிறுவிய பிறகுதான் வேலை தலைகீழாகிறது. பெட்டி மூன்று இருக்கிறதே என்பதற்காக மூன்றாவது சேவை ஒன்றை யோசித்துக் கண்டுபிடிக்கிறோம், 'எங்கள் நோக்கம்', 'எங்கள் பார்வை' என்று யாரும் படிக்காத இரண்டு பத்திகளை எழுதுகிறோம். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதை.

அதனால் முதலில் ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து, வண்ணம் வடிவம் எதுவும் இல்லாமல், மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இங்கே வருகிறவர் யார், என்ன தெரிந்துகொள்ள வருகிறார், போவதற்கு முன் அவர் எதைச் செய்தால் உங்களுக்குப் பலன்? போன் செய்வதா, படிவம் நிரப்புவதா, ஒரு கட்டுரையைப் படித்து முடிப்பதா? ஒரு பக்கத்துக்கு ஒரு முக்கியமான காரியம் போதும். நான்கு பட்டன்களை ஒரே அளவில் ஒரே நிறத்தில் அடுக்கினால் எது முக்கியம் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

பிறகு பக்கம் பக்கமாக உண்மையான வாசகங்களை எழுதுங்கள். இடத்தை நிரப்பப் போடும் லோரம் இப்சம் என்ற பொருளற்ற லத்தீன் வாசகத்தை வைத்து டிசைன் செய்தால் எல்லாத் தலைப்பும் ஒரே நீளம், எல்லாப் படமும் ஒரே வடிவம், ஆகவே எல்லாமே அழகாகத் தெரியும். நிஜத்தில் ஒரு தலைப்பு இரண்டு சொல்லிலும் இன்னொன்று பதினான்கு சொல்லிலும் இருக்கும், படங்களில் பாதி நெட்டுக்குத்தாக வரும். உங்களிடம் இருப்பதிலேயே மிக நீளமான தலைப்பையும் மிகக் குட்டியானதையும் போட்டுப் பார்த்து, இரண்டுக்கும் தாங்கும் தீமைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. தளம் வெளியான பிறகும் அடிப்பகுதியில் நாலு வரி லத்தீன் மிச்சமிருக்கும் அவமானம் உங்களுக்கு நேராது.

படி 2: முகப்பின் முதல் திரை

ஸ்க்ரோல் செய்யாமல் தெரியும் பகுதியில் இது என்ன தளம், எனக்கு இதில் என்ன இருக்கிறது, அடுத்து எங்கே தொட வேண்டும் என்ற மூன்றும் தெரிந்துவிட வேண்டும். "எங்கள் இணையதளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரி இந்த மூன்றில் எதையும் சொல்வதில்லை, ஆனால் பக்கத்திலேயே விலை உயர்ந்த இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் "திருமணப் புகைப்படம், வீடியோ. தேதி காலியா என்று பாருங்கள்" என்று போட்டால் வேலை முடிந்தது.

தானாக நகரும் ஸ்லைடர் வேண்டாம். எதை முன்னால் வைப்பது என்று முடிவெடுக்க முடியாதபோது எடுக்கும் முடிவு அது. முதல் படத்தைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும், நான்காவதை அநேகமாக உங்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. அத்தனை படங்களும் லோட் ஆக வேண்டிய சுமை வேறு.

உள்ளே நுழைந்த மூன்றாவது நொடியில் திரையை மறைக்கும் பாப்அப்பும் அப்படித்தான். வாசலிலேயே மறித்து விசிட்டிங் கார்டு கேட்பது போல. மொபைலில் உள்ளடக்கத்தை மறைக்கும் இப்படிப்பட்ட பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளக்கூடும் என்ற விதியைக் கூகுள் 2017 ஜனவரியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ? 2018-லிருந்து க்ரோமே அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, நீங்கள் மெனக்கெட வேண்டாம்.

மெனுவில் புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். 'பயணம்', 'கண்டறி', 'துளிகள்' என்று கவித்துவமாகப் பெயர் வைத்தால் விலைப்பட்டியல் எதற்குள் இருக்கிறது என்று வருகிறவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். 'விலை', 'தொடர்பு', 'எங்களைப் பற்றி' போன்ற சலித்துப்போன சொற்கள் சலித்துப்போனதற்குக் காரணம், எல்லோருக்கும் அவை புரிவதுதான். கம்ப்யூட்டர் திரையில் ஐந்தே ஐந்து மெனு இருக்கும்போது அவற்றையும் மூன்று கோடு போட்ட பட்டனுக்குள் ஒளித்துவைப்பதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. லோகோவைத் தொட்டால் முகப்புக்குப் போக வேண்டும். பத்திக்குள் வரும் இணைப்புக்கு அடிக்கோடு இருக்கட்டும், இணைப்பு அல்லாத எதற்கும் அடிக்கோடு வேண்டாம்.

படி 3: போனில் தொடங்குங்கள், போனிலேயே பாருங்கள்

ஒரே தளம் திரைக்கு ஏற்ப மாறிக்கொள்ளும் முறைக்கு ரெஸ்பான்சிவ் டிசைன் என்று ஈத்தன் மார்கோட் பெயர் வைத்தது 2010-ல். இத்தனை ஆண்டுகள் ஆகியும் பலரும் முதலில் கம்ப்யூட்டருக்குச் செய்து முடித்து, கடைசி நாள் இரவு போனுக்காக ஒட்டுப் போடுகிறார்கள். திருப்பிச் செய்யுங்கள். 360 பிக்சல் அகலத்தில் தொடங்கி, இடம் கூடக்கூட எதை எங்கே பரப்புவது என்று யோசித்தால் பாதிக் குழப்பம் வராது. குறுகிய இடத்தில் எது முக்கியம் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும் அல்லவா, அந்தக் கட்டாயம் நல்லது.

தீம் இல்லாமல் கையால் எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி), சிஎஸ்எஸ் (அதன் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதுகிறீர்கள் என்றால், திரையின் அகலத்துக்கே பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் போன் உங்கள் தளத்தைச் சுமார் 980 பிக்சல் அகலமுள்ள பழைய பக்கம் என்று நினைத்துக்கொண்டு, மொத்தத்தையும் சுருக்கி எறும்பு வரிசைபோல் காட்டும். "சிஎஸ்எஸ் எல்லாம் சரியா எழுதியிருக்கேன், போன்ல மட்டும் வேலை செய்யல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

அடுத்த தொல்லை, பக்கம் இடது வலதாக ஆடுவது. ஏதோ ஒரு படமோ அட்டவணையோ திரையைவிட அகலமாக இருக்கும், ஆனால் எது என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்கு ஒரு எளிய வழி: சிஎஸ்எஸ்ஸில் எல்லா உறுப்புக்கும் ஒரு பிக்சல் சிவப்பு அவுட்லைன் கொடுத்துவிட்டு, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் போன் அளவுக்கு மாறி, கீழே ஸ்க்ரோல் செய்துகொண்டே போங்கள். எந்தச் சிவப்புப் பெட்டி வலது ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் ஆள். பார்டர் கொடுக்காமல் அவுட்லைன் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம், பார்டர் இடத்தை அடைத்துக்கொண்டு லேஅவுட்டையே மாற்றிவிடும், அவுட்லைன் இடம் பிடிக்காது. எனக்கு ஒரு முறை அகப்பட்டது, யாரோ 1200 பிக்சல் என்று நிலையான அகலம் கொடுத்திருந்த ஒரு மேப். அந்த யாரோ நான்தான்.

தொடும் இடங்களின் அளவைக் கவனியுங்கள். ஆப்பிள் 44, கூகுளின் டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் 48 என்று, பிக்சல் போன்ற தங்கள் அளவுகளில் பரிந்துரைக்கின்றன, எல்லோரும் பயன்படுத்தத் தோதாகத் தளம் செய்வதற்கான சர்வதேச நெறிமுறையான டபிள்யூசிஏஜியின் 2023-ல் வந்த 2.2 பதிப்பு குறைந்தபட்சம் 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சலாவது வேண்டும் என்கிறது. நான் 44-க்குக் கீழே இறங்குவதில்லை. மவுஸ் மேலே போனால் மட்டும் விரியும் மெனுவும், மவுஸ் வைத்தால் மட்டும் தெரியும் விலையும் போனில் இல்லாததற்குச் சமம்.

டெவலப்பர் டூல்ஸில் போன் அளவு காட்டுவது ஒரு ஒத்திகைதான். கட்டை விரல் எட்டுகிறதா, கீபோர்டு மேலே வரும்போது பட்டன் மறைகிறதா, வெயிலில் எழுத்து தெரிகிறதா என்பதெல்லாம் நிஜ போனில்தான் தெரியும். பழைய, மெதுவான போன் ஒன்று வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

படி 4: எழுத்தும் நிறமும்

வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் 10 லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்ந்து, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்த அவை தோதாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. ஒவ்வொரு ஆண்டும் முதலிடம் பிடிக்கும் தப்பு ஒன்றுதான்: பின்னணியோடு கலந்துபோகும் எழுத்து. கிட்டத்தட்ட 5-ல் 4 பக்கங்களில் அது இருக்கிறது. அவற்றில் அனுபவசாலிகள் செய்தவையும் உண்டு, ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, திருத்துவதுதான் முக்கியம்.

அளவுகோல் இது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைச் சொல்லும் கான்ட்ராஸ்ட் விகிதம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. பெரிய எழுத்து என்றால் 24 பிக்சலோ அதற்கு மேலோ, தடித்த எழுத்தாக இருந்தால் ஏறக்குறைய 19 பிக்சல். வெள்ளையில் கருப்பு 21:1, அதற்கு மேல் கிடையாது. தொடக்கக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த அந்த நாகரிகமான சாம்பல், நிற எண் #999999, வெள்ளையின் மேல் 2.85 தான் வருகிறது, அதாவது இரண்டு தேர்விலும் தோல்வி. #777777 போட்டால் 4.48, மயிரிழையில் தவறுகிறது. #767676 தேறிவிடும், 4.54. இந்த இரண்டு சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் கண்ணை நம்பாமல் கருவியை நம்பச் சொல்கிறேன். வெப்எய்ம் தளத்திலேயே இலவசமாக கான்ட்ராஸ்ட் செக்கர் இருக்கிறது, இரண்டு நிற எண்ணைக் கொடுத்தால் விகிதம் சொல்லிவிடும். நான் கடைசி எல்லையில் நிற்காமல் 7-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது வழக்கம், வெயிலுக்கும் மங்கலான திரைக்கும் சேர்த்து.

படத்தின் மேல் எழுத்து வைத்தே தீர வேண்டும் என்றால் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் பாதி ஒளிபுகும் கருப்பு அடுக்கு ஒன்றைப் போடுங்கள். கூடவே படத்தின் பின்னணிக்கு ஒரு அடர் நிறமும் கொடுங்கள், படம் வந்துசேரும் வரை அந்த நிறத்தின் மேலாவது வெள்ளை எழுத்து தெரியும். என் நண்பனின் தளத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அவன் பெயராவது அவன் கண்ணில் பட்டிருக்கும்.

நிறத்தை மட்டும் வைத்துச் செய்தி சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் தெரிகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே தப்பான கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு நிறுத்தாமல் என்ன தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, அதற்கு மேல் போனால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். ஒரு எழுத்துருவின் ஒவ்வொரு தடிமனும் பொதுவாகத் தனிக் கோப்பு என்பதால் ஆறு தடிமன் சேர்த்தால் ஆறு கோப்பு இறங்கும், பயன்படுத்துவதோ இரண்டு. பத்தி எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே வேண்டாம். பெரிய திரையில் வரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடினால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும், பத்தியின் அகலத்தை 650 அல்லது 700 பிக்சலில் நிறுத்துங்கள். நீளமான பத்தியை நடுவாக்கம் செய்யாதீர்கள், அது கவிதைக்கு.

படி 5: தளம் தமிழில் என்றால்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாக. முதலாவது, எல்லாக் கணினிக்கும் புரியும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தவிர வேறு எதிலும் எழுதாதீர்கள். பாமினி, டேப், டேம் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டிய கோப்புகளிலிருந்து அப்படியே ஒட்டினால் உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் உங்களுக்கு மட்டும் தமிழாகத் தெரியும், மற்றவர்களுக்கு ஆங்கிலக் கிறுக்கல். தேடலிலும் வராது. மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு ஒட்டுங்கள், 'கொ', 'கோ', 'ஔ' வரும் இடங்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள், மாற்றிகள் வழுக்குவது அங்கேதான்.

பக்கத்தின் தலைப்பகுதியில், யூனிகோடில் எழுதியது என்று பிரவுசருக்குச் சொல்லும் யுடிஎஃப்-8 என்ற குறிப்பு முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும், எனவே அதை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். மொழி தமிழ் என்ற குறிப்பையும் சேருங்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது.

தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி போதாது. எழுத்தின் அளவைப்போல் 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள். தீமின் டெமோவில் ஆங்கிலத் தலைப்புக்குப் பொருந்திய 1.1 இடைவெளியில் தமிழ்த் தலைப்பு இரண்டு வரி ஆனால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கி'யும் ஒன்றோடொன்று மோதும். சொற்களும் நீளம். 'நடந்துகொண்டிருக்கின்றனவென்று' என்ற ஒரே சொல் குறுகிய திரையில் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அதனால் தேவைப்பட்டால் சொல்லை உடைக்கச் சொல்லும் சிஎஸ்எஸ் வரியை மறக்காதீர்கள், பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். சாய்ந்த எழுத்து தமிழுக்குப் பழக்கமில்லை, பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அந்த வடிவமே கிடையாது என்பதால் பிரவுசர் தானே இழுத்துச் சாய்த்துக் கோரமாக்கும். அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து போதும். எழுத்துரு எது என்று யோசிப்பவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழில் தொடங்கலாம், இலவசம், எல்லாத் தடிமனும் உண்டு.

பக்கங்களின் இணைய முகவரியைத் தமிழில் வைப்பதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வைக்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் % கலந்த 9 எழுத்துகளாக விரியும். மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால் 'கி' என்ற ஓரெழுத்தே 18 ஆகிவிடும். அரைப் பக்கத்துக்கு நீளும் அந்த இணைப்பை நம்பி யாரும் தொட மாட்டார்கள். நான் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் குட்டியாக வைத்துவிடுகிறேன்.

படி 6: படங்களும் வேகமும்

வருகிறவரின் போனில் உங்கள் தளம் எவ்வளவு கனம் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் படங்கள்தான். கணக்கைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4000க்கு 3000 பிக்சல், கோப்பு 3 முதல் 6 எம்பி வரை. நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பில் 6 எம்பி இறங்க 24 நொடி. தளத்தில் அந்தப் படம் தெரியப்போவது 400 பிக்சல் அகலத்தில். சிஎஸ்எஸ்ஸில் அகலத்தைக் குறைத்தால் படம் சின்னதாகத் தெரியுமே தவிர, இறங்குவது முழுப் படம்தான். இது புரியாமல் 20 படக் கேலரி போட்டு, ஒரே பக்கத்தை 80 எம்பி ஆக்கியவர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது: ஏற்றுவதற்கு முன் படத்தை, அது தெரியப்போகும் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் சுருக்குங்கள். முழு அகலப் படத்துக்கு 1600 பிக்சல் தாராளம். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே ஓடும், அதில் வெப்பி (WebP) என்ற பட வடிவமும் 75 தரமும் தேர்ந்தெடுத்து, நடுவில் இருக்கும் கோட்டை இடதும் வலதும் இழுத்து அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் நண்பனின் 6 எம்பி படம் இப்படி 210 கேபிக்கு வந்தது, அவன் முகத்தைத் திரையில் ஒட்டிவைத்துக்கொண்டு தேடியும் எது எது என்று சொல்ல முடியவில்லை. புகைப்படத்துக்கு பிஎன்ஜி வேண்டாம், லோகோவுக்கு எஸ்விஜி நல்லது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம், வீட்டில் எடுத்ததை ஏற்றும் முன் அதையும் நீக்கிவிடுங்கள்.

படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லில் எண்ணாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிரவுசருக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று தெரியாது. நீங்கள் ஒரு இணைப்பைத் தொடப்போகும் நேரத்தில் மேலே படம் வந்து உட்கார்ந்து, பக்கம் கீழே குதித்து, விரல் வேறெதன் மேலோ விழும் எரிச்சல் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அது இப்படித்தான் பிறக்கிறது. கீழே இருக்கும் படங்களுக்கு, ஸ்க்ரோல் செய்து பக்கத்தில் வரும்போது மட்டும் படத்தை இறக்கும் லேஸி லோடிங் போடுங்கள். முதல் திரையில் இருக்கும் படத்துக்கு மட்டும் போடாதீர்கள், சீக்கிரம் வரவேண்டியதை நீங்களே தாமதப்படுத்துவதாகும்.

ஒவ்வொரு படத்துக்கும், படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் ஆல்ட் எழுத்து எழுதுங்கள். 'படம்1' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம், "மணமகளுக்கு மாலை சூட்டும் மணமகன்" என்று கண்ணால் பார்க்காதவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். வெறும் அலங்காரப் படமா, ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும்.

வேகத்தை அளந்து பார்க்க கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இருக்கிறது. அதில் மூன்று எண்களைப் பாருங்கள்: முக்கியப் பகுதி தெரிய ஆகும் எல்சிபி 2.5 நொடிக்குள், தொட்டதற்குப் பதில் வர ஆகும் ஐஎன்பி 200 மில்லிநொடிக்குள், பக்கம் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் 0.1-க்குள். 100-க்கு 100 மதிப்பெண் வாங்க வேண்டும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள், அதுவும் ஒரு தொடக்கக்காரர் வியாதி. தளம் செய்ய உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இருப்பவர்கள், கூடுதல் வசதிக்காகச் சேர்த்த பிளக்இன்களை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். பனி பெய்யும் எஃபெக்டுக்கு ஒன்று வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

படி 7: படிவம்

கட்டத்துக்குள் மங்கலாக 'உங்கள் பெயர்' என்று போட்டுவிட்டு லேபிளை விட்டுவிடுவது வழக்கமான தப்பு. தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும், பாதியில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்பியவருக்கு எந்தக் கட்டம் எதற்கு என்று தெரியாது. லேபிள் கட்டத்துக்கு மேலே, எப்போதும் தெரியும்படி. போன் எண் கேட்கும் கட்டத்துக்கு டெல் (tel) வகை கொடுத்தால் போனில் எண் கீபோர்டு வரும், மின்னஞ்சலுக்கு அதற்குரிய வகை கொடுத்தால் @ குறி கைக்கெட்டும். கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோனில் தொட்டவுடன் திரை பெரிதாகிவிடும், ஏன் என்று தெரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

தேவையில்லாததைக் கேட்காதீர்கள். விலை விசாரிக்க வருபவரின் பிறந்த தேதி எதற்கு? அனுப்பிய பிறகு "கிடைத்தது, 2 நாளில் அழைப்போம்" என்று ஒரு வரி காட்டுங்கள். அப்புறம் முக்கியமானது, அந்தப் படிவம் உண்மையிலேயே வந்துசேர்கிறதா என்று நீங்களே அனுப்பிப் பாருங்கள். நான் செய்த ஒரு தளத்தில் இரண்டு மாதம் எல்லா விசாரணையும் ஸ்பேம் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது, "யாருமே கேட்கலையே" என்று டிசைனை மாற்றிக்கொண்டிருந்தோம்.

படி 8: வெளியிடும் நாள்

தளத்துக்கும் வருகிறவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இருக்கிறதா? 2018 ஜூலையில் வந்த க்ரோம் 68 முதல், அது இல்லாத தளங்களின் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று எழுதிக் காட்டுகிறார்கள். அதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கின் பேனலில் பெரும்பாலும் ஒரு பட்டனில் முடிந்துவிடும்.

வேர்ட்பிரஸ் என்றால் அமைப்புகளில் வாசிப்பு என்ற பக்கத்துக்குப் போய், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை நடக்கும்போது போட்டுவைப்பது சரிதான், வெளியிடும் அவசரத்தில் எடுக்க மறந்துவிடுவோம். பிறகு கூகுளில் தேடித் தேடி வரவில்லை என்று தேடலில் மேலே வர வழி சொல்லும் எஸ்சிஓ வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு இருக்கட்டும், எல்லா டேபிலும் 'முகப்பு' என்றே தெரியக் கூடாது. மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்தி மெனு, படிவம் எல்லாவற்றையும் கடந்து பாருங்கள், எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோடு தெரிய வேண்டும். அசிங்கமாக இருக்கிறது என்று அந்தக் கோட்டைச் சிஎஸ்எஸ்ஸில் அழித்திருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள். இல்லாத முகவரி ஒன்றைத் தட்டி, வரும் 404 பக்கத்தில் முகப்புக்கு வழி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பேக்அப் எடுத்து, ஹோஸ்டிங்கில் மட்டும் வைக்காமல் வேறொரு இடத்திலும் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இந்தத் தளத்தை ஒருபோதும் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "இதில் ஒரு தேதி காலியாக இருக்கிறதா என்று கண்டுபிடியுங்கள்" என்று ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாயை மூடுவதுதான் கஷ்டம். "மேலே பாருங்க, அங்கதான்" என்று நாக்கு நுனி வரை வரும், சொல்லிவிட்டால் சோதனை வீண். நான் என் அத்தையிடம் கொடுத்தேன். கஷ்டப்பட்டு நிறம் தேர்ந்தெடுத்துச் செய்த பட்டனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, காலண்டர் படம் போட்டிருந்த அலங்காரப் பெட்டியை மூன்று முறை தொட்டுவிட்டு, "இது வேலை செய்யலப்பா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலையே அந்தப் படத்தை இணைப்பாக்கினேன். இப்போதும் தேதி விசாரிக்க வருகிறவர்களில் அதிகம் பேர் அந்தப் படத்தைத் தொட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.